குறைதிறன் உணரி வலையமைப்புகளில் அலைத்தட அணுகல்

குறைதிறன் உணரி வலையமைப்புகளில் அலைத்தட அணுகல் என்பது, மின்கலத்தில் இயங்கும் பல சிறு கணுக்கள் ஒரே வானலைத் தடத்தை ஒன்றுக்கொன்று இடையூறு இன்றியும், மிகக் குறைந்த மின்செலவிலும் பகிர்ந்துகொள்ளும் முறைகளைக் குறிக்கும். எந்தக் கணு எப்போது அனுப்பலாம், எப்போது செவிமடுக்க வேண்டும், எப்போது உறங்கலாம் என்பவற்றை வரையறுக்கும் விதித் தொகுப்பு ஊடக அணுகல் நெறிமுறை எனப்படுகிறது.

வழமையான கணினி வலையமைப்புகளில் ஓர் அலைத்தடத்தின் பயன்திறன், ஒரு நொடியில் எத்தனை பிட்டுகளைக் கடத்த முடிகிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. உணரி வலையமைப்புகளில் இந்த அளவுகோல் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஒரு கணு சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையையோ ஈரப்பதத்தையோ அனுப்பினால் போதும். அலைத்தடம் பெரும்பாலான நேரம் வெறுமையாகவே இருக்கும். ஆகவே, சேர்ப்பிக்கப்பட்ட ஒவ்வொரு பொதிக்கும் வானலைச் சில்லு எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டியிருந்தது என்பதே இங்கு முதன்மையான அளவுகோலாகும்.

பின்னணி

ஓர் உணரிக் கணு பொதுவாக உணரி, நுண்கட்டுப்படுத்தி, வானலைச் சில்லு, மின்கலம் ஆகியவற்றைக் கொண்டது. இவற்றுள் மிகுதியான மின்னாற்றலைச் செலவிடுவது பெரும்பாலும் வானலைச் சில்லே ஆகும். 2000களில் ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 என்னும் சில்லு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஒரு மில்லிவாட் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லியாம்பியர் மின்னோட்டத்தையும், செவிமடுக்கும்போது 18.8 மில்லியாம்பியர் மின்னோட்டத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதாவது, பேசுவதைவிடக் கேட்பதற்கே சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது.

இதற்குக் காரணம் உண்டு. வான்கொடி வழியே வெளியேறும் திறன் மொத்த மின்செலவில் ஒரு சிறு பகுதி மட்டுமே. அலையியற்றி, பெருக்கிகள், பண்பிறக்கி போன்ற உள்சுற்றுகளே மீதியை எடுத்துக்கொள்கின்றன. பொதி எதுவும் வராத நேரத்திலும், வரக்கூடும் என்று காத்திருக்கும் ஏற்பியில் இச்சுற்றுகள் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு ஏஏ அளவு மின்கலங்கள் 2500 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவு உடையவை எனக் கொண்டால், வானலைச் சில்லின் செலவை மட்டும் கணக்கிடும்போது கிடைக்கும் ஆயுள் பின்வருமாறு:

* எப்போதும் விழித்திருந்தால்: ஏறத்தாழ 133 மணி நேரம், அதாவது ஐந்தரை நாட்கள்
* 1 விழுக்காடு நேரம் விழித்திருந்தால்: ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு
* 0.1 விழுக்காடு நேரம் விழித்திருந்தால்: கணக்கின்படி 15 ஆண்டு, நடைமுறையில் மின்கலத்தின் தன்னிழப்பும் பிற உறுப்புகளின் செலவும் இதனைக் குறைத்துவிடும்

வானலைச் சில்லு விழித்திருக்கும் நேரத்திற்கும் மொத்த நேரத்திற்கும் உள்ள விகிதம் விழிப்பு விகிதம் எனப்படும். மலைமுகட்டிலோ, பாலத்தின் அடியிலோ, பறவைக் கூட்டிலோ வைக்கப்பட்ட கணுவிற்கு மின்கலம் மாற்றுவது எளிதன்று. எனவே இவ்விகிதம் வலையமைப்பு பயன்படுமா பயன்படாதா என்பதையே முடிவு செய்கிறது.

மின்னாற்றல் வீணாகும் வழிகள்

வெய் யே, ஜான் ஹைடுமன், டெபோரா எஸ்ட்ரின் ஆகியோர் 2002 ஆம் ஆண்டு எஸ்-மேக் நெறிமுறையை வெளியிட்டபோது, ஊடக அணுகலில் ஆற்றல் வீணாகும் வழிகளை நான்காக வகைப்படுத்தினர். இவ்வகைப்பாடு பின்னர் வந்த ஆய்வுகளிலும் பின்பற்றப்பட்டது.

* மோதல்: இரு கணுக்கள் ஒரே நேரத்தில் அனுப்புவதால் இரு பொதிகளும் சிதைந்து, மீண்டும் அனுப்ப நேர்தல்.
* ஒட்டுக்கேட்பு: தனக்கு உரியதல்லாத பொதியை ஒரு கணு முழுதும் பெற்றுப் பின்னர் வீசிவிடுதல்.
* கட்டுப்பாட்டுப் பொதிகள்: தரவு எதையும் சுமக்காத ஒருங்கிணைப்புச் செய்திகளுக்கு ஆகும் செலவு.
* வீண் செவிமடுப்பு: எவரும் அனுப்பாத நேரத்தில் ஏற்பியைத் திறந்து வைத்திருத்தல்.

போக்குவரத்து குறைவான வலையமைப்புகளில் நான்காவதே மிகப்பெரிய இழப்பாகும். எனினும் மற்றவற்றைப் புறக்கணிக்க இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளைக் கண்காணிக்க 2002 ஆம் ஆண்டு 32 கணுக்கள் நிறுவப்பட்டன. 2003 ஆம் ஆண்டு கணுக்களின் எண்ணிக்கை 150 ஆக உயர்த்தப்பட்டது. தள நிலையத்துடன் நேரடியாகப் பேசிய ஒருதாவல் கணுக்களின் ஆயுளை ஆய்வாளர்கள் முன்கூட்டியே சரியாகக் கணித்திருந்தனர். ஆனால் ஒன்றன் வழியாக மற்றொன்று பொதி கடத்திய பல்தாவல் வலையமைப்பில், ஒட்டுக்கேட்பின் தாக்கத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டதாக அவர்களே 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தனர்.

கேட்டபின் அனுப்புதல்

அலைத்தடத்தைப் பகிர்வதற்கான மிக எளிய முறை அலோகா ஆகும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏபிராம்சன் தலைமையில் உருவான இம்முறையில், பொதி உள்ள கணு உடனே அனுப்பிவிடும். ஒப்புகை வராவிட்டால் சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்பும். கணுக்கள் பலவாகும்போது மோதல்கள் பெருகுவதால், அலைத்தடத்தின் நேரத்தில் உயர் அளவாக 18.4 விழுக்காடு மட்டுமே பயன்படும். நேரத்தைத் துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்ப விதித்தால் இது 36.8 விழுக்காடாக இரட்டிக்கும்.

அனுப்பும் முன் அலைத்தடம் வெறுமையாக உள்ளதா என்று கேட்டுப் பார்ப்பது அடுத்த படிநிலையாகும். 2003 ஆம் ஆண்டு முதலில் வெளியான ஐஇஇஇ 802.15.4 சீர்தரம் இம்முறையைக் கையாள்கிறது. சிக்பீ, திரெட் போன்ற வீட்டுத் தானியக்க அமைப்புகள் இச்சீர்தரத்தின் மீதே கட்டப்பட்டவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இதன் வேகம் நொடிக்கு 250 கிலோபிட்டு ஆகும். அனுப்ப விரும்பும் கணு, 0 முதல் 7 வரையான ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, அத்தனை 320 மைக்ரோநொடி அலகுகள் பொறுத்திருக்கும். பின்னர் 128 மைக்ரோநொடி நேரம் அலைத்தடத்தைச் சோதிக்கும். வெறுமையாக இருந்தால் அனுப்பும். இல்லையெனில் காத்திருப்பு எல்லையை 15க்கும், பின்னர் 31க்கும் உயர்த்தி மீண்டும் முயலும். இயல்பான அமைப்பில் ஐந்து சோதனைகள் தோற்றால் முயற்சி கைவிடப்படும்.

இங்கு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. முதற்கட்டக் காத்திருப்பின் உயர் அளவு 2.24 மில்லிநொடி மட்டுமே. ஆனால் சீர்தரம் அனுமதிக்கும் மிக நீண்ட சட்டகம் (127 பைட்டு) தன் தலைப்புகளுடன் அலைத்தடத்தில் ஏறத்தாழ 4.26 மில்லிநொடி நிற்கும். ஒரே நிகழ்வைப் பல கணுக்கள் உணர்ந்து ஒரே நேரத்தில் அனுப்ப முற்பட்டால், ஒரு பொதி முடியும் முன்னரே பிற கணுக்கள் தம் வாய்ப்புகளில் சிலவற்றை இழந்துவிடும். அமைதியான நேரத்தில் சிறப்பாக இயங்கும் வலையமைப்பு, முக்கியமான நிகழ்வு நடக்கும்போது பொதிகளை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைகணுச் சிக்கல்

அ, இ என்னும் இரு கணுக்கள் ஒன்றின் அலையை மற்றொன்று கேட்க இயலாத தொலைவில் இருந்து, இடையிலுள்ள ஆ என்னும் கணுவிற்கு அனுப்புகின்றன எனக் கொண்டால், இரண்டும் அலைத்தடம் வெறுமை என்றே முடிவு செய்யும். பொதிகள் ஆ-வில் மோதும். டோபாகி, கிளைன்ராக் ஆகியோர் 1975 ஆம் ஆண்டு ஆராய்ந்த இச்சிக்கல் மறைகணுச் சிக்கல் எனப்படுகிறது. அனுப்பும் முன் அனுமதி கேட்டுப் பெறுவது இதற்குரிய வழமையான தீர்வாகும். ஆனால் உணரி வலையமைப்புகளில் தரவுப் பொதியே சில பத்துப் பைட்டுகள்தாம் என்பதால், அனுமதிச் செய்திகளின் செலவு தரவின் செலவை நெருங்கிவிடும். 802.15.4 சீர்தரத்தில் இவ்வசதி சேர்க்கப்படவில்லை.

உறக்கமும் விழிப்பும்

மேற்கண்ட முறைகள் மோதலைக் குறைக்கின்றனவே தவிர, வீண் செவிமடுப்பைக் குறைப்பதில்லை. அதற்கு ஏற்பியை அணைத்து வைக்க வேண்டும். ஆனால் உறங்கும் கணுவிற்கு அனுப்பிய பொதி சென்று சேராது. அனுப்புநரும் பெறுநரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கச் செய்வது எப்படி என்பதே இத்துறையின் மையக் கேள்வியாகும்.

பொதுக் கால அட்டவணை

எஸ்-மேக் நெறிமுறையில் அண்டைக் கணுக்கள் தம் கால அட்டவணையைப் பரிமாறிக்கொண்டு ஒருசேர விழித்து ஒருசேர உறங்கும். இரு குழுக்களின் எல்லையில் உள்ள கணு இரு அட்டவணைகளையும் பின்பற்ற நேர்ந்தால் அதன் மின்கலம் விரைவில் தீரும். மேலும் விழிப்பு நேரம் நிலையானது என்பதால், போக்குவரத்து இல்லாதபோதும் அது முழுமையாகச் செலவாகும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2003 ஆம் ஆண்டு உருவான டி-மேக், குறிப்பிட்ட நேரம் எதுவும் கேட்கவில்லை எனில் உடனே உறங்கிவிடும் விதியைச் சேர்த்தது.

முன்குறி முறை

2004 ஆம் ஆண்டு பெர்க்லியில் உருவான பி-மேக், அட்டவணை எதுவுமின்றி இச்சிக்கலைத் தீர்த்தது. ஒவ்வொரு கணுவும் தன் விருப்பப்படி குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கணம் விழித்து, அலைத்தடத்தில் ஏதேனும் ஒலிக்கிறதா எனப் பார்த்துவிட்டு உறங்கும். அனுப்புநர், அவ்விடைவெளியைவிட நீளமான ஒரு முன்குறியைத் தரவுக்கு முன் அனுப்பும். ஆகவே பெறுநர் எப்போது விழித்தாலும் முன்குறியைக் கேட்டுத் தொடர்ந்து விழித்திருக்கும். செலவு பெறுநரிடமிருந்து அனுப்புநருக்கு மாற்றப்படுகிறது.

இதில் இரு குறைகள் இருந்தன. பெறுநர் முன்னரே விழித்துவிட்டாலும் முன்குறி முடியும்வரை இரு கணுக்களும் காத்திருக்க வேண்டும். முன்குறியில் முகவரி இல்லாததால், அக்கம்பக்கத்துக் கணுக்கள் யாவும் விழித்திருந்து பின்னர் ஏமாறும். பின்வந்த நெறிமுறைகள் இவற்றைப் படிப்படியாகக் களைந்தன.

* வைஸ்மேக் (2004): பெறுநர் தன் அடுத்த விழிப்பு நேரத்தை ஒப்புகையுடன் சேர்த்துச் சொல்கிறது. அனுப்புநர் அந்நேரத்திற்குச் சற்று முன்னர் தொடங்கினால் போதும்.
* எக்ஸ்-மேக் (2006): நீண்ட முன்குறிக்கு மாற்றாக, முகவரி தாங்கிய சிறு பொதிகள் இடைவெளி விட்டு அனுப்பப்படுகின்றன. உரிய கணு இடைவெளியில் பதில் தந்ததும் தரவு அனுப்பப்படும். பிற கணுக்கள் முகவரியைப் பார்த்து உறங்கிவிடும். முன்குறியின் நீளம் சராசரியாகப் பாதியாகிறது.
* கான்டிகிமேக் (2011): தரவுப் பொதியே ஒப்புகை வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. அண்டைக் கணுவின் விழிப்பு நேரமும் நினைவில் வைக்கப்படுகிறது.

சோதனை இடைவெளியைத் தேர்தல்

முன்குறி முறையில் சோதனை இடைவெளியை மனம்போல் நீட்டிக்க இயலாது. ஒரு சோதனைக்கு 2.5 மில்லிநொடி ஆகிறது என்றும், ஒரு கணு 250 நொடிக்கு ஒரு பொதி அனுப்புகிறது என்றும், முன்குறியின் நீளம் சோதனை இடைவெளிக்குச் சமம் என்றும் எளிமைக்காகக் கொள்ளலாம். அப்போது விழிப்பு விகிதம் பின்வருமாறு அமையும்:

* இடைவெளி 0.1 நொடி: சோதனைக்கு 2.5, முன்குறிக்கு 0.04; மொத்தம் 2.54 விழுக்காடு
* இடைவெளி 0.79 நொடி: சோதனைக்கு 0.32, முன்குறிக்கு 0.32, மொத்தம் ஏறத்தாழ 0.63 விழுக்காடு
* இடைவெளி 5 நொடி: சோதனைக்கு 0.05, முன்குறிக்கு 2, மொத்தம் 2.05 விழுக்காடு

இரு செலவுகளும் சமமாகும் இடத்திலேயே மொத்தச் செலவு மிகக் குறைவாகிறது. போக்குவரத்து நான்கு மடங்கானால் சிறந்த இடைவெளி பாதியாகும். ஆகவே போக்குவரத்தை அறியாமல் அமைக்கப்பட்ட வலையமைப்பு, நெறிமுறை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், பல மடங்கு மின்னாற்றலை வீணாக்கக்கூடும். நீண்ட இடைவெளியால் காலத்தாழ்வும் கூடுகிறது. 0.79 நொடி இடைவெளியில், பெறுநர் விழிக்க ஒவ்வொரு தாவலிலும் சராசரியாக 0.4 நொடி ஆகும் எனில், பத்துத் தாவல்களைக் கடக்க ஏறத்தாழ 4 நொடி தேவை.

பெறுநர் தொடங்கும் முறை

2008 ஆம் ஆண்டு வெளியான ஆர்ஐ-மேக் இம்முறையைத் தலைகீழாக்கியது. விழித்தெழும் பெறுநர், 'இப்போது பெறத் தயார்' என ஒரு சிறு அறிவிப்பை வெளியிடும். அனுப்புநர் அதுவரை ஓசையின்றிக் காத்திருந்து, அறிவிப்பைக் கேட்டதும் தரவை அனுப்பும். அனுப்புநரின் விழிப்பு நேரம் பெரிதாகக் குறையவில்லை எனினும், அலைத்தடம் முன்குறிகளால் அடைபடுவதில்லை. எனவே போக்குவரத்து மிகும்போது இம்முறை சிறப்பாக இயங்குகிறது.

காலத்துண்டு முறை

கணுக்களின் கடிகாரங்கள் போதிய அளவு ஒத்திசைந்திருந்தால் முன்குறியே தேவையில்லை. நேரம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் யார் யாருக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. மோதல், ஒட்டுக்கேட்பு, வீண் செவிமடுப்பு ஆகிய மூன்றும் ஒருசேரக் குறைகின்றன.

இதற்கான விலை நேர ஒத்திசைவாகும். ஒரு படிகக் கடிகாரம் பத்து இலட்சத்தில் 30 பங்கு பிசகக்கூடியது எனில், எதிரெதிர்த் திசையில் பிசகும் இரு கணுக்களுக்கிடையே நொடிக்கு 60 மைக்ரோநொடி வேறுபாடு சேரும். பெறுநர் எதிர்பார்த்த கணத்திற்கு முன்னும் பின்னும் ஒரு மில்லிநொடி காப்பு நேரம் வைத்திருந்தால், ஏறத்தாழ 16 நொடிக்குள் கடிகாரங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். கணுக்கள் ஒவ்வொரு பொதி அல்லது ஒப்புகை வரும்போதும் இத்திருத்தத்தைச் செய்துகொள்கின்றன. பிசகின் போக்கைக் கணித்து முன்கூட்டியே ஈடுசெய்தால் இவ்விடைவெளியை நீட்டிக்கலாம். வெப்பநிலை மாறினால் பிசகும் மாறும் என்பதால், வெயிலும் பனியும் மாறி மாறித் தாக்கும் இடங்களில் இக்கணிப்பு கடினமாகிறது.

சூரிக்கில் உள்ள சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் 2007 ஆம் ஆண்டு உருவான டோசர் நெறிமுறையில், தரவு திரட்டும் மரத்தின் ஒவ்வொரு தாய்க்கணுவும் தன் சேய்க்கணுக்களுக்கு மட்டும் கால அட்டவணை வகுக்கிறது. வலையமைப்பு முழுமைக்குமான ஒத்திசைவு தேவையில்லை. இதன்மூலம் 0.2 விழுக்காட்டு அளவிலான விழிப்பு விகிதம் எட்டப்பட்டது. ஆல்ப்சு மலையின் மேட்டர்கார்ன் சிகரத்தில், உறைநிலப் பாறைகளின் அசைவை அளக்க 2008 ஆம் ஆண்டு முதல் பெர்மாசென்சு திட்டம் நிறுவிய கணுக்கள் டோசரைப் பயன்படுத்தின.

அலைத்தடம் தாவுதல்

ஒரே அதிர்வெண்ணில் நிலைத்திருக்கும் வலையமைப்பு, அந்த அதிர்வெண்ணில் இடையூறு ஏற்பட்டால் முடங்கிவிடும். 802.15.4 சீர்தரத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 16 அலைத்தடங்கள் உள்ளன. வைஃபையின் 1, 6, 11 ஆம் தடங்கள் பயன்பாட்டில் உள்ள கட்டிடத்தில் இவற்றுள் 15, 20, 25, 26 ஆகியவையே ஓரளவு தப்புகின்றன. வைஃபை அலைகள் பொதிகளைச் சிதைப்பதோடு நில்லாமல், முன்குறி முறையில் உறங்கும் கணுக்களை வீணே எழுப்பியும் விடுகின்றன. சோதனையின் வரம்பை உயர்த்தினால் வீண் விழிப்பு குறையும். ஆனால் தொலைவிலுள்ள அண்டைக் கணுவின் மெலிந்த அலை கேட்காமல் போகும்.

காலத்துண்டுடன் அதிர்வெண் தாவலையும் இணைக்கும் முறை டிஎஸ்சிஎச் எனப்படுகிறது. டஸ்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் நெறிமுறையிலிருந்து வளர்ந்த இக்கருத்து, தொழிற்சாலைகளுக்கான வயர்லெஸ்-ஹார்ட் சீர்தரத்தில் 2007 ஆம் ஆண்டும், 802.15.4இன் திருத்தத்தில் 2012 ஆம் ஆண்டும் இடம்பெற்றது. ஒவ்வொரு துண்டிலும், துண்டின் வரிசை எண்ணைக் கொண்டு அலைத்தடம் கணக்கிடப்படுகிறது. ஆகவே தோற்ற பொதி மறுமுறை பெரும்பாலும் வேறோர் அதிர்வெண்ணில் செல்கிறது. 10 மில்லிநொடி நீளமுள்ள 101 துண்டுகள் கொண்ட சுற்றில், ஒரேயொரு பெறும் துண்டு உடைய கணு, பொதி வராதபோது சுற்றுக்கு 2.2 மில்லிநொடி மட்டும் செவிமடுக்கும், இது 0.22 விழுக்காடாகும்.

எந்தத் துண்டை யாருக்கு வழங்குவது என்பது தனிச் சிக்கலாகும். நடுவண் கணினி ஒன்று வகுக்கலாம். அண்டைக் கணுக்கள் பேசி முடிவு செய்யலாம். அல்லது 2015 ஆம் ஆண்டு வெளியான ஆர்க்கெஸ்ட்ரா முறையில் உள்ளதுபோல், ஒவ்வொரு கணுவும் முகவரிகளைக் கொண்டு தானே கணக்கிட்டுக்கொள்ளலாம். டிஎஸ்சிஎச் மீது இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பை இயக்கும் கட்டமைப்பு 2021 ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 9030 ஆக வெளியிடப்பட்டது.

தள நிலையத்தை அடுத்த கணுக்கள்

பல்தாவல் வலையமைப்பில் சுமை சமமாகப் பரவுவதில்லை. ஐம்பது கணுக்களின் தரவும் ஒரே கணுவின் வழியாகத் தள நிலையத்தை அடைந்தால், அக்கணு தன் பொதியுடன் பிற 49 பொதிகளையும் பெற்று அனுப்ப வேண்டும். அது அணைந்தால், மின்கலம் நிறைந்துள்ள பிற கணுக்களும் பயனற்றவையாகிவிடும். எனவே சராசரி விழிப்பு விகிதத்தைக் காட்டிலும், மிகுதியாக உழைக்கும் கணுவின் விகிதமே வலையமைப்பின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

அக்கணுக்களுக்கு மட்டும் குறுகிய சோதனை இடைவெளியோ கூடுதல் துண்டுகளோ வழங்குவது, சூரிய மின்தகடு பொருத்துவது, பல அளவீடுகளை ஒரே பொதியில் தொகுப்பது ஆகியன வழக்கிலுள்ள தீர்வுகளாகும். இரண்டு பைட்டு அளவீட்டைத் தனித்தனியே பத்துமுறை அனுப்புவதைவிட ஒரே பொதியில் அனுப்பினால், விழிப்பு, தலைப்பு, ஒப்புகை ஆகிய செலவுகள் ஒருமுறையோடு முடியும். உடனடியாகத் தெரிய வேண்டிய செய்திகளுக்கு இது பொருந்தாது.

நெறிமுறைகளின் பொருத்தம்

* அரிதான, முன்னறிய இயலாத போக்குவரத்து: முன்குறி முறை. ஒத்திசைவு தேவையில்லை, அமைப்பது எளிது.
* திடீரெனப் பெருகும் போக்குவரத்து: பெறுநர் தொடங்கும் முறை.
* குறித்த இடைவெளியில் சீராக வரும் தரவு: காலத்துண்டு முறை. மின்செலவு மிகக் குறைவு. ஒத்திசைவைப் பேண வேண்டும்.
* இடையூறு மிகுந்த தொழிற்சாலைச் சூழல்: அலைத்தடம் தாவும் காலத்துண்டு முறை.
* மின்னிணைப்பு உள்ள நடுக்கணு கொண்ட ஒருதாவல் வலையமைப்பு: கேட்டபின் அனுப்புதல் அல்லது அலோகா.

கடைசி வகைக்கு லோராவான் நல்ல எடுத்துக்காட்டாகும். 2015 ஆம் ஆண்டு முதல் சீர்தரம் வெளியான இதன் 'ஏ' வகைக் கணுக்கள் அலோகா முறையில் அனுப்பிவிட்டு, இயல்பான அமைப்பில் ஒரு நொடியிலும் இரண்டு நொடியிலும் சிறிது நேரம் செவிமடுத்துப் பின்னர் உறங்குகின்றன. இடைவிடாமல் செவிமடுக்கும் பொறுப்பை மின்னிணைப்பு உடைய நுழைவாயில் ஏற்றுக்கொள்கிறது. அலைத்தடப் பயன்பாட்டில் மிகவும் குறைபாடுடையதாகக் கருதப்பட்ட ஒரு முறை, கணுவின் மின்செலவு என்னும் அளவுகோலில் சிறந்ததாகிவிடுகிறது. ஆயினும் கணுக்கள் பெருகும்போது அலோகாவின் பழைய வரம்பு மீண்டும் குறுக்கிடும்.

முதன்மைச் சில்லை முழுதும் அணைத்துவிட்டு, மிகக் குறைந்த மின்செலவில் இயங்கும் துணை ஏற்பி ஒன்றை மட்டும் விழித்திருக்கச் செய்வது மற்றொரு வழியாகும். இது எழுப்பும் ஏற்பி எனப்படுகிறது. வைஃபை குடும்பத்தில் 2021 ஆம் ஆண்டு வெளியான ஐஇஇஇ 802.11பிஏ சீர்தரம் இதற்கென வகுக்கப்பட்டது. இத்தகைய ஏற்பிகளின் உணர்திறன் முதன்மை ஏற்பியைவிடக் குறைவாக இருப்பது வழக்கம் என்பதால், எட்டும் தொலைவு குறுகுவது இதன் முதன்மையான வரம்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கம்பியில்லா உணரி வலையமைப்பு
* ஐஇஇஇ 802.15.4
* அலோகா
* சிக்பீ
* நேர ஒத்திசைவு